மெல்ல மிதித்தால்

முதல் தடவை வந்தபோது பனி உருகிக்கொண்டிருந்தது.
பிரேக் பிடிக்கவில்லை என்றாள் நாதெலா.
ஏறி உட்கார்ந்து மிதித்தேன்.
கல்லை மிதித்தது போல் நின்றது.
"பிடிக்கிறதே."
"இப்போது பிடிக்கிறது" என்றாள்.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த பழைய வண்டி.
நாங்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள்;
அதற்கோ ஸ்டீரிங்கும் வலப்பக்கம்.
கண்ணாடி மூலையில் ஒரு மஞ்சள் சீட்டு
எதையோ எச்சரிக்கிறது.
ஜார்ஜிய எழுத்துப் படிப்போம், ரஷ்ய எழுத்தும் படிப்போம்.
இந்த எழுத்து
சியாத்தூராவில் ஒருவருக்கும் தெரியாது.

சும்மா அனுப்பிவிடவில்லை.
நான்கு சக்கரமும் கழற்றினேன்.
பட்டைகளை மாற்றினேன்.
பழைய ஆயிலை வடித்தேன், புதிது ஊற்றினேன்,
கடைசிக் குமிழி போகும்வரை பையனை மிதிக்கச் சொன்னேன்.
எங்கும் ஒழுகல் இல்லை.
கூலி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை கணவனும் வந்தான்,
அவ்தாந்தில், சுரங்கத்தில் டம்பர் ஓட்டுகிறவன்.
பூட்ஸோடு ஏறி ஒரே மிதி.
வண்டி மூக்கைத் தரையில் இடிக்கப் பார்த்தது.
"பார்த்தாயா" என்றான்,
அவளிடம் அல்ல, என்னிடம்.
நானும் சிரித்தேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும். நானும் சிரித்தேன்.

மூன்றாம் தடவை ஒரு தாள்,
ஆஸ்பத்திரிக் காய்ச்சல் அட்டவணையின் பின்பக்கம்:
செவ்வாய், ரொட்டிக்கடை முன்னால், வெயில்.
வெள்ளி, இரவுப் பணி முடிந்து, பாலத்தில், தூறல்.
ஞாயிறு, ரயில்வே கேட். தரைவரை போனது.
"டாக்டரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான் நோயாளி.
நான் என்ன செய்ய, மூர்மான்?"

அன்றிரவு தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன்.
மழை காரணமில்லை. சூடு காரணமில்லை. மேடு பள்ளம் இல்லை.
எல்லா வரிக்கும் பொதுவாக ஒன்றுதான்:
ஓட்டியது அவள்.
அவ்தாந்திலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்,
வேறு தொனியில்.

நான்காம் தடவை, நீ ஓட்டு என்றேன்.
இடப்பக்கம் நான். பின்சீட்டில் குழந்தை தெக்லே
வாய் திறந்து தூங்கினாள்.
கேட் மூடியிருந்தது.
தண்டவாளத்தை நோக்கிச் சரிகிற சாலை.
நான் சாலையைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தேன்.

அப்படி மிதிப்பவரைக் கண்டதில்லை.
நடுச்சாமத்தில் வார்டின் கதவைச் சாத்துகிற மாதிரி.
மிதிக்கிறாள் என்றே சொல்ல முடியாது,
வைக்கிறாள்.
வண்டி நின்றது. மாங்கனீஸ் ஏற்றிய கறுப்புப் பெட்டிகள்
ஒவ்வொன்றாகக் கடந்தன.
அப்போது அவள் பாதம் கீழே போனது.
அவள் அழுத்தவில்லை. பெடல்தான் இறங்கியது,
சேற்றில் இறங்குவது போல, அவசரமே இல்லாமல்.
வண்டி ஒரு முழம் நகர்ந்தது.
இன்னொரு முழம்.
ஹேண்ட் பிரேக்கை இழுத்தது அவளா நானா, தெரியாது.
தெக்லே விழிக்கவில்லை.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன்.
உள்ளே கட்டைவிரல் நகமளவு ஒரு ரப்பர் கிண்ணம்,
விளிம்பு தேய்ந்து.
ஓங்கி மிதித்தால் அழுத்தமே அந்த விளிம்பை விரித்து
சுவரோடு ஒட்டவைக்கும்; பிடிக்கும்.
மெல்ல மிதித்தால்
ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் நழுவும்,
வெளியே ஒரு சொட்டும் காட்டாமல்.

முப்பது வருடமாக வண்டிகளை உதைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.
உதைக்கிறவனிடம் அது பொய் சொல்லும்.

புதியதை மாட்டினேன். கூலி வேண்டாம் என்றேன்.
எண்ணி மேசையில் வைத்தாள்.
"இவ்வளவுதானா, ஒரு ரப்பர் துண்டா?"
வாசலில் அவ்தாந்தில்.
அவள் பதில் சொல்லவில்லை.
அந்தக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி
வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
கறை படும் என்றேன்.
படட்டும் என்றாள்.